10 கி.மீ.க்குள் 26 செ.மீ. வித்தியாசம்! வயர் அறுந்தா மழைக் கணக்கு 'பூஜ்யம்'

தூத்துக்குடி:-

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளக்காடானதை யாரும் மறந்திருக்க முடியாது. 18-ந்தேதி காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் கொட்டியது 95 செ.மீ. மழை. பக்கத்துல இருக்குற திருச்செந்தூரில் 69 செ.மீ. இரண்டு ஊருக்கும் நடுவே பத்து கிலோ மீட்டர் கூட கிடையாது. மழையிலோ 26 செ.மீ. வித்தியாசம்!

காயல்பட்டினத்தில் மழைமானி இல்லாமல் இருந்திருந்தால்? பக்கத்து ஊர்க் கணக்கை வைத்துத்தான் பேச வேண்டி இருந்திருக்கும்.

விவசாயிக்கு இது வெறும் புள்ளிவிவரம் இல்லை, பணம். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் வந்தது. மழை ஏமாற்றி விதைக்கவே முடியாமல் போனால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் வரை இழப்பீடு உண்டு. அதை முடிவு செய்யும்போது மழைக் கணக்கும் பார்க்கப்படுது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் மானாவாரியில் உளுந்து, பாசி போடுறவங்களுக்கு அந்தக் கணக்குதான் சாட்சி.

வட்டாரத்துக்கு ஒரு தானியங்கி வானிலை நிலையம், பஞ்சாயத்துக்கு ஒரு தானியங்கி மழைமானி என்று மத்திய அரசு 2023-ல் திட்டம் போட்டது. தமிழக அரசு தன் பங்குக்கு 1,400 மழைமானி, 100 வானிலை நிலையம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் இருப்பது சுமார் 12,500 பஞ்சாயத்து. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க.

சரி, கருவி வந்துட்டா போதுமா? அங்கதான் சிக்கல். மழைமானிக்குள் சீசா பலகை மாதிரி இரண்டு சின்ன கிண்ணம் இருக்கும். தண்ணி நிரம்பினதும் ஒன்று கவிழும், மற்றது மேலே வரும். கவிழும் ஒவ்வொரு முறையும் ஒரு காந்த சுவிட்ச் தட்டும். அந்தத் தட்டல் வயர் வழியாக பெட்டிக்குப் போய் எண்ணிக்கை ஏறும். அவ்வளவுதான் சங்கதி.

எலி கடிச்சாலோ, டிராக்டர் கலப்பை இழுத்தாலோ, உப்புக் காத்துல ஜாயின்ட் அரிச்சாலோ தட்டல் பெட்டிக்குப் போகாது. வெப்பமானி வயர் அறுந்தால் தாறுமாறான எண் காட்டும், கண்டுபிடிச்சிடலாம். மழைமானி அப்படி இல்லை. மழை பெய்யலைன்னாலும் பூஜ்யம், வயர் அறுந்தாலும் பூஜ்யம்! மேலே புனலில் இலையோ பறவை எச்சமோ அடைச்சாலும் கணக்கு குறையும்.

இதே மாவட்டத்தில் காற்றாலைகளைப் பாருங்க. ஒவ்வொன்றின் தலையிலும் காற்றுமானி உண்டு. அதுவும் வயர்தான். மணிக்கு சுமார் 90 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் காற்றாலை தானாக நின்றுவிடும். காற்றுமானி பழுதானாலும் ஓட்டம் நிற்கும், கம்பெனிக்கு நஷ்டம். அதனால் உடனே ஆள் ஏறுவான்.

வயலோர மழைமானி பழுதானால் எதுவும் நிற்காது. நஷ்டம் விவசாயிக்கு மட்டும்தான், அதுவும் அறுவடை முடிஞ்சு இழப்பீட்டுப் பட்டியல் வரும்போதுதான் தெரியும்.

கருவி வாங்க டெண்டர் விடும்போதே மாதா மாதம் புனலைத் துடைக்க, வயரைச் சோதிக்க ஆளுக்கும் சம்பளம் ஒதுக்கணும். பூஜ்யம் காட்டும் நாளில் பக்கத்து ஊர் கணக்கோடு ஒத்துப் பார்த்த பிறகே பதிவேட்டில் ஏற்றணும். ஊர் முழுக்க நனைந்திருக்க, பெட்டி மட்டும் காய்ஞ்சு கிடந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் அன்னைக்கே எழுதிக் கொடுத்து நகல் வாங்கி வைப்பது நல்லது.