சந்தா ஏடு யார் கையில்?

2024 ஜூலை 3ஆம் நாள், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘கூ’ சமூக வலைத்தளத்தை மூடுவதாக அதன் நிறுவனர்கள் அப்ரமேயா ராதாகிருஷ்ணாவும் மயங்க் பிடவட்காவும் அறிவித்தனர். ஆங்கிலம் அறியாதவரும் தத்தம் மொழியில் பொதுவெளியில் பேசலாம் என்ற உறுதியோடு 2020இல் தொடங்கிய தளம் அது. கன்னடத்தோடு தமிழும் அங்கே புழங்கியது. பெரிய நிறுவனங்களோடு நடந்த கூட்டுப் பேச்சுகள் கைகூடவில்லை. தொழில்நுட்பச் செலவையும் தாங்க முடியவில்லை. தளம் மறைந்தபோது, அங்கே வாசகரைத் திரட்டியவர்கள் அந்த வாசகரையும் இழந்தனர்.

‘கூ’வில் சேர எவரும் பணம் கட்டவில்லை என்பது ஓர் ஆறுதல். சந்தா பெற்று நடத்தப்படும் குழுமங்களுக்கு அந்த ஆறுதலும் இராது. இன்று பெங்களூரில் அத்தகைய குழுமங்கள் பெருகி வருகின்றன. மாடித்தோட்டம், பங்குச்சந்தை, நிரல் எழுதும் பயிற்சி, தமிழ் இலக்கிய வாசிப்பு எனப் பொருள் எதுவாயினும், தொடங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: எந்த மென்பொருள் சிறந்தது? சர்க்கிள், மைட்டி நெட்வொர்க்ஸ், டிஸ்கார்ட், பேட்ரியான் என ஒவ்வொன்றின் வசதிகளும் அட்டவணையாக ஒப்பிடப்படுகின்றன. கேள்வியின் தொடக்கமே பிழையானது. அந்தத் தளத்தை விட்டு வெளியேறும் நாளில் எதை எடுத்துச் செல்ல முடியும் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

உறுப்பினர் பட்டியலைப் பல தளங்கள் கோப்பாகத் தருகின்றன. உரையாடல்களைச் சில தளங்களே தருகின்றன. யாஹூ குழுமங்களில் ‘மரத்தடி’, ‘ராயர் காப்பி கிளப்’ போன்ற பெயர்களில் இணையத் தமிழின் தொடக்கக்கால விவாதங்கள் நடந்தன. 2020 டிசம்பர் 15இல் யாஹூ அச்சேவையை முற்றிலும் நிறுத்தியது. அதற்கு முன்பே சேமிப்புகளை அழிக்கத் தொடங்கியும் விட்டது. தமிழ் வாசகருக்கு இது புதிய பாடம் அன்று.

ஆனால் மூன்றாவதாக ஒன்று உண்டு. பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை. அது சந்தாவுக்கான ஒப்புதல். இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், மாதந்தோறும் அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுக்க உறுப்பினர் முன்கூட்டியே ஒப்புதலைப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் 24 மணி நேரம் முன்பாக அறிவிப்பும் செல்ல வேண்டும். நுகர்வோருக்கு இது நல்ல காப்பு. அதே வேளையில், அந்த ஒப்புதல் பணம் பெறும் வணிகரின் பெயரோடும் பணவழி நிறுவனத்தோடும் பிணைக்கப்பட்டது. தளம் மாறினால் ஒப்புதல் உடன் வராது. முந்நூறு பேர் மாதம் இருநூறு ரூபாய் கட்டும் குழுமத்தை எண்ணிப் பார்க்கலாம். மாத வருவாய் அறுபதாயிரம். தளம் மாறும் நாளில் அந்த முந்நூறு பேரும் மீண்டும் ஒருமுறை பணம் கட்ட முடிவெடுக்க வேண்டும். சோம்பலால் விடுபடுவோரே பலர் இருப்பர்.

அயல்நாட்டுத் தளங்களில் இடர் இன்னும் கூடுதல். சப்ஸ்டாக்கின் கட்டணச் சந்தா ஸ்டிரைப் வழியாகவே இயங்குகிறது. ஸ்டிரைப் நிறுவனமோ 2024 முதல் இந்தியாவில் அழைப்பு பெற்றவர்க்கே புதிய கணக்கு தருகிறது. பேபால் 2021 ஏப்ரலிலேயே உள்நாட்டுப் பணப்பரிமாற்றத்தைக் கைவிட்டது. ஆகவே பணம் பெறும் கணக்கு குழுமத்தின் பெயரிலேயே, யுபிஐ தன்னியக்கப் பிடித்தத்தை ஏற்கும் உள்நாட்டு நிறுவனம் ஒன்றில் இருப்பது நல்லது. உரையாடும் இடமும் பணம் செலுத்தும் இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டையும் பிரித்து வைத்தால், ஒன்று இடிந்தாலும் மற்றது நிற்கும்.

பெங்களூரிலேயே இதற்கு மாறான துணிவைக் காட்டியது ஹேஸ்கீக். ‘ஃபிஃப்த் எலிஃபண்ட்’, ‘ரூட்கான்ஃப்’ முதலிய தொழில்நுட்ப மாநாடுகளை நடத்தும் அந்நிறுவனம், தன் தளத்துக்கான மென்பொருளைத் தானே எழுதி, மூலநிரலையும் பொதுவில் வைத்தது. நிரலாளர் சமூகத்துக்கு இது இயல்பாகப் பொருந்தும். வாசிப்பு வட்டம் நடத்தும் பள்ளி ஆசிரியர் அவ்வழியில் இறங்கினால் வாசிப்புக்கே நேரம் இராது.

அத்தகையவர்க்கு நடுவழி உண்டு. டிஸ்கோர்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளைச் சிறு வாடகைச் சேவையகத்தில் நிறுவலாம். பெங்களூரின் ஸீரோதா நிறுவனம் தன் ‘டிரேடிங் க்யூ அண்ட் ஏ’ தளத்தை அதிலேயே நடத்துகிறது. நிறுவனத்தார் விலகினாலும் நிரல் கையில் இருக்கும். தமிழருக்கு இதில் வேறொரு நன்மையும் உண்டு. தமிழில் ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’ என்பன அகப்பட வேண்டும். மூடிய தளங்களில் அதற்காக மன்றாடத்தான் முடியும். டிஸ்கோர்ஸின் அடித்தளமான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலோ, 12ஆம் பதிப்பிலேயே தமிழ் விகுதிகளைக் களையும் கருவி சேர்ந்துவிட்டது. அதைப் பொருத்திக்கொள்ள ஒருவர் முனைந்தால் போதும்.

வாட்ஸப் போதுமே என்பர். தொடக்கத்துக்குப் போதும். பணம் கட்டியதற்குத் திரைப்பிடிப்பே சான்று, கட்டாதவரை நீக்குவது நிர்வாகியின் இரவு வேலை என்ற நிலை ஐம்பது பேர்வரை தாங்கும். அதைவிடப் பெரிய குறை வேறு: சேர்ந்த எல்லோருடைய கைப்பேசி எண்ணும் முன்பின் அறியாதவர்க்கும் தெரிகிறது. அதனாலேயே ஒதுங்கும் பெண்கள் ஏன் சேரவில்லை என்பதை யாரிடமும் சொல்வதில்லை.

1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரிக்கு எதிரே சொந்தக் கட்டடத்தில் நிற்கிறது. சங்கங்களின் உறுப்பினர் ஏடு அவற்றின் அலமாரியிலேயே இருக்கும். அதைப் புரட்டிப் பார்க்க எந்த நிறுவனத்தின் இசைவும் வேண்டாம். இணையக் குழுமம் தொடங்குவோர் பத்தாவது உறுப்பினரைச் சேர்க்கும் முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிப் பட்டியலையும் பதிவுகளையும் தரவிறக்கிப் பார்ப்பது நலம். திறந்த கோப்பில் தமிழ்ப் பெயர்கள் எழுத்துகளாகத் தெரிகின்றனவா, வினாக்குறிகளாகத் தெரிகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.