நம்பர் பேடா, மேக்ரோ பேடா? ஒரு கணக்கு வாத்தியாரின் வழக்கு



நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நாலு நாளாக ஒரு சண்டை ஓடுகிறது. பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் தங்கையின் பேத்தி பி.காம் முடித்துவிட்டு மயிலாடுதுறையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேரப்போகிறாள். திருக்கடையூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். ஆபீசில் தரும் லேப்டாப் சின்னது. வலது பக்கம் இருக்க வேண்டிய எண் கட்டம் அதில் கிடையாது. நாள் முழுக்க பில்லும் ஜிஎஸ்டியுமாக எண்களையே அடிக்க வேண்டிய பெண், மேல்வரிசையில் தேடித் தேடி அடித்தால் முதல் மாதமே கழுத்து பிடித்துக்கொள்ளும். தனியாக ஒரு கருவி வாங்கித் தருவோம் என்று பேச்சு வந்தது.

பெங்களூரில் இருக்கும் என் மருமகன், "மேக்ரோ பேட் வாங்குங்க மாமா, நான் பணம் அனுப்புறேன்" என்றான். நான், "வயர்லெஸ் நம்பர் பேட் போதும்ப்பா" என்றேன். "மாமா இன்னும் வாய்ப்பாட்டுக் காலத்திலேயே இருக்கார்" என்று எழுதிச் சிரிப்பு பொம்மை போட்டான். அதற்குப் பதினோரு பேர் கைதட்டல். அதில் நாலு பேர் என்னிடம் கணக்கு படித்தவர்கள்! ஆகவே பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் இரண்டும் என்னவென்று தெரிந்துகொள்வோம். நம்பர் பேட் என்பது பெரிய கீபோர்டின் வலது ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்தது போன்றது. 0 முதல் 9 வரை, புள்ளி, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், என்டர், அவ்வளவுதான். மேக்ரோ பேட் என்பது மூன்றோ ஆறோ பன்னிரண்டோ விசைகள் உள்ள சின்னப் பெட்டி. விசைகளின் மேல் பெரும்பாலும் ஒன்றும் எழுதியிருக்காது. எந்த விசைக்கு என்ன வேலை என்பதை நாமே சொல்லிவைக்க வேண்டும். ஒரு விசையைத் தட்டினால் ஒரு முழு முகவரியே வந்து விழும். இன்னொன்றைத் தட்டினால் நாலு கட்டளைகள் வரிசையாக ஓடும். கெட்டிக்காரப் பெட்டிதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் கேள்வி வேறு. கெட்டிக்காரத்தனம் பெட்டியில் இருக்க வேண்டுமா, பெண்ணின் விரலில் இருக்க வேண்டுமா?

நம்பர் பேடில் 5-ஆம் விசையைத் தடவிப் பாருங்கள். ஒரு சின்ன மேடு இருக்கும். நடுவிரலை அங்கே வைத்தால் ஆள்காட்டி விரல் 4-லும், மோதிர விரல் 6-லும், கட்டைவிரல் 0-விலும் தானாக உட்காரும். அப்புறம் கண் காகிதத்தில் இருந்தால் போதும், கை பார்த்துக்கொள்ளும். 789 மேலே, 123 கீழே என்ற இந்த வரிசை நேற்று வந்தது இல்லை. 1914 வாக்கில் அமெரிக்காவில் டேவிட் சண்ட்ஸ்ட்ராண்ட் என்பவர் கூட்டல் இயந்திரத்துக்காக அமைத்தது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் கணக்கு எழுதுகிறவர்கள் அதை மாற்றவில்லை. வங்கிக் கவுன்ட்டரிலும் டிக்கெட் கவுன்ட்டரிலும் கடைக்காரரின் கால்குலேட்டரிலும் அதே வரிசைதான். (போனில் 123 மேலே இருக்கும். அது 1963-இல் பட்டன் போன் வந்தபோது பெல் கம்பெனிக்காரர்கள் தனியாகச் சோதித்து வைத்த ஏற்பாடு.)

இதன் அர்த்தம் என்ன? நம்ம பெண் இங்கே ஆறு மாதம் பழகினால், நாளைக்குச் சென்னையிலோ துபாயிலோ எந்த மேசையில் உட்கார்ந்தாலும் அந்த வேகம் அவளோடு வரும். மேக்ரோ பேடில் ஆறு மாதம் பழகினால்? பெட்டியை எடுத்துக்கொண்டு போனால்தான் வேகமும் போகும். பெட்டி ரிப்பேரானால் அவள் மறுபடி முதல் நாள்.

இது நாம் தமிழில் ஏற்கெனவே பட்ட பாடுதான் பிள்ளைகளே. 1990-களில் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்தவர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு விசை வரிசை, ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. ஒரு அச்சகத்தில் கற்றவன் அடுத்த அச்சகத்துக்குப் போனால் கை தடுமாறும். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்து, தமிழ்நாடு அரசு தமிழ் 99 விசைப்பலகையை அறிவித்தது. உயிரெழுத்துக்கு இடது கை, மெய்க்குப் பெரும்பாலும் வலது கை என்று ஒரு பொது ஒழுங்கு கிடைத்தது. ஆளுக்கொரு வரிசை வைத்துக்கொண்டால் யாருடைய கையும் யாருக்கும் உதவாது என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டோம். அதே பாடத்தை இப்போது காசு கொடுத்து மறக்கச் சொல்கிறான் என் மருமகன்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம்.

போன வருஷம் என் தம்பி பயிர் விஷயமாக ஒரு விண்ணப்பம் போடக் கணினி மையத்துக்குப் போனான். எந்த மையம் என்று சொல்லப்போவதில்லை. அந்தப் பையன் நல்ல பையன். கூட்டம் அதிகம், வேகமாக முடிக்க வேண்டும் என்று ஊர்ப் பெயர், பிர்க்கா, வங்கியின் ஐஎஃப்எஸ்சி எண் எல்லாவற்றையும் ஒரே விசையில் வைத்திருந்தான். ஊரில் பாதிப் பேருக்கு ஒரே வங்கி. அதனால் பாதிப் பேருக்குச் சரியாக வந்தது. என் தம்பிக்குக் கணக்கு வேறு வங்கியில். விசையைத் தட்டினான், பதினோரு எழுத்தும் பிழையில்லாமல் விழுந்தன, எல்லாமே தப்பான வங்கிக்கு. பணம் போன வழியே திரும்பி, மறுபடி வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. நாற்றுக்கும் உழவுக்கும் அவன் வட்டிக்கு வாங்கினான்.

தப்பு பெட்டியுடையது இல்லை என்பீர்கள். சரிதான். ஆனால் பதினோரு எழுத்தைப் பாஸ்புக்கைப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்திருந்தால் அவன் கண் அந்த எழுத்துகள் மேல் போயிருக்கும். ஒரே தட்டில் விழுந்ததை யாரும் படிப்பதில்லை. கையெழுத்து ரப்பர் ஸ்டாம்ப் ஆன கதைதான். 40 கிலோ சிப்பம் எத்தனை, ஈரப்பதம் 17-க்குள் இருக்கிறதா, சர்வே எண் உட்பிரிவு எது, இதெல்லாம் நம்ம டெல்டாவில் ஒரு குடும்பத்தின் ஒரு போகத்து உழைப்பு. எண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறான். அடிக்கிறவர் அதைப் படித்து அடிக்க வேண்டும்.

இப்போது எதிர்க்கட்சிக்கும் இடம் கொடுக்கிறேன், இல்லாவிட்டால் வாத்தியார் ஓரவஞ்சனை என்பீர்கள்.

"மேக்ரோ பேடையே நம்பர் பேடாக மாற்றிக்கொள்ளலாமே?" என்றான் மருமகன். மாற்றலாம். ஆனால் சின்னப் பெட்டியில் பத்து எண்ணும் புள்ளியும் என்டரும் வைத்தாலே பன்னிரண்டு விசை முடிந்தது. கூட்டலுக்குக்கூட இடம் இல்லை. நம்பர் பேடுக்கு நம்பர் பேடே போதாதா?

"வயர்லெஸ்ஸை ஒட்டுக்கேட்கலாமே?" என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி, இவனுக்கு முழு மதிப்பெண். 2016-இல் பாஸ்டில் என்ற அமெரிக்க நிறுவனம், சில மலிவான வயர்லெஸ் கீபோர்டுகள் தட்டியதை மறைக்காமலே காற்றில் அனுப்புவதைக் காட்டியது. ஆகவே தகவலைக் குறியாக்கம் செய்து அனுப்புவதாகச் சொல்லும் பொருளாகப் பார்த்து வாங்க வேண்டும். பாஸ்வேர்டை லேப்டாப்பின் சொந்த விசைகளிலேயே அடிக்கட்டும். ஆபீசில் வயர்லெஸ் கூடாது என்றால் வயர் வைத்தது வாங்குவோம், அதிலும் இதே 789 தான். ஆனால் மேக்ரோ பேடில் பாஸ்வேர்டையே ஒரு விசையில் பூட்டி வைக்கிறார்களே, அதை என்ன சொல்ல? மேசையைத் துடைக்க வருகிறவர் தெரியாமல் அழுத்தினாலும் திரையில் வந்து நிற்கும். சில மேக்ரோ பேடுகளை அமைக்கத் தனி மென்பொருளும் ஏற்ற வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண் ஆபீஸ் லேப்டாப்பில் கண்டதை ஏற்றினால் முதலாளி என்ன நினைப்பார்?

மேக்ரோ பேட் யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்க வீடியோ வெட்டி ஒட்டுகிறவருக்கு அது வரப்பிரசாதம். பக்கவாதம் வந்து ஒரு கை மட்டும் இயங்குகிறவருக்கு, மூன்று விசையைச் சேர்த்து அழுத்த வேண்டியதை ஒரு விசையில் தருவது பெரிய உதவி. தொழில் தெரிந்து, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று புரிந்துகொண்டவர் அதை வைத்துக்கொள்ளட்டும். நம்ம பெண் இன்னும் தொழிலைத் தொடவே இல்லை. வாய்ப்பாடு தெரிந்தவன் கையில் கால்குலேட்டர் கொடுங்கள் என்றுதான் வகுப்பில் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா?

வாங்கப்போகிற மற்ற பிள்ளைகளுக்கும் நாலு வார்த்தை. என்டர் விசை உயரமாக, இரண்டு விசை இடம் பிடித்ததாக இருக்கட்டும். 5-இல் மேடு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்குங்கள். லேப்டாப்பில் யுஎஸ்பி துளை குறைவு என்றால் புளூடூத் நல்லது. நம்லாக்கைக் கவனியுங்கள்: சில சின்ன லேப்டாப்பில் அதை அழுத்தினால் யு, ஐ, ஓ எழுத்துகள் 4, 5, 6 ஆகிவிடும். லேப்டாப்பைக் குழப்பாமல் தன் நம்லாக்கைத் தானே வைத்துக்கொள்ளும் பேடுகளும் உண்டு, கேட்டு வாங்குங்கள். பேட்டரி ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

முடிவு சொல்லிவிடுகிறேன். நம்பர் பேடை நான் என் பென்ஷனில் வாங்கிக் கொடுக்கிறேன். மருமகன் அனுப்பும் பணத்தில் அவளுக்குப் பஸ் பயணத்துக்கு ஒரு நல்ல பையும் சாப்பாட்டுக் கேரியரும் வாங்கலாம். ஒரு வருஷம் கழித்து அவளே, "தாத்தா, இந்த மூன்று வேலை தினமும் வருது, ஒரு விசையில வெச்சா நல்லாயிருக்கும்" என்று சொன்னால், அன்றைக்கு மேக்ரோ பேடும் நானே வாங்கித் தருகிறேன். கேட்கத் தெரிந்தவளுக்குக் கொடுப்பதில் தப்பே இல்லை.

கைதட்டிய நாலு பேரும் கீழே வந்து பதில் எழுதவும். அடுத்த முறை கோயிலுக்கு வரும்போது வீட்டுக்கு வராமல் போனால் சும்மா விடமாட்டேன்.

எல்லோரும் நல்லா இருங்க.