நாலு பேர் அறியச் சொன்ன சொல்

“தம்பி, உங்க புரொஃபெஷன் என்ன?” கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். வங்கிப் படிவமும் கேட்கும். நாமும் பதவியின் பெயரைச் சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு வினைச்சொல் உட்கார்ந்திருக்கிறது: புரொஃபெஸ். பலர் அறிய, வாய் திறந்து அறிவிப்பது என்று பொருள்.

இதன் ஊர் லத்தீன். ‘ப்ரோ’ என்றால் முன்னால். ‘ஃபதேரி’ என்றால் ஒப்புக்கொள்வது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ‘கன்ஃபெஸ்’ இதன் உடன்பிறப்பு. இவற்றுக்கெல்லாம் வேர், பேசுவதைக் குறிக்கும் ஒரு பழஞ்சொல். அதே வேரில் பிறந்ததுதான் கைக்குழந்தையைக் குறிக்கும் ‘இன்ஃபன்ட்’. நேர்ப்பொருள், இன்னும் பேசாதது!

ஆங்கிலத்துக்கு வந்தபோது புரொஃபெஷன் துறவிகளின் சொல்லாக இருந்தது. மடத்தில் சேர்பவர் வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகியவற்றைக் கடைப்பிடிப்பேன் என்று எல்லார் முன்னிலையிலும் உறுதி சொல்வார். அந்த உறுதிமொழிதான் புரொஃபெஷன். கத்தோலிக்கத் துறவற சபைகளில் இன்றும் அந்தப் பெயர் வழங்குகிறது. தொழில் என்ற பொருள் பிற்பாடுதான் வேர்விட்டது. ‘இந்தத் துறை எனக்குத் தெரியும்’ என்று ஊரறியச் சொல்லிக் கற்பிப்பவர் புரொஃபெசர்.

ஆக, வேலை வேறு, புரொஃபெஷன் வேறு. வேலையை யாரிடமும் எதுவும் சொல்லாமலேயே செய்யலாம். புரொஃபெஷனுக்கு முதலில் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். புதிய மருத்துவர்கள் இன்றும் உறுதிமொழி எடுப்பது அதனால்தான்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒருவர் நண்பர் என்று ‘புரொஃபெஸ்’ செய்கிறார் என ஆங்கிலத்தில் எழுதினால், ‘சொல்லிக்கொள்கிறார், அவ்வளவுதான்’ என்ற சந்தேகமும் அதில் தொனிக்கும். அறிவிப்பதற்கும் பாசாங்குக்கும் ஒரே சொல். எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விடை நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. சமய உரிமை பற்றிப் பேசும் சிங்கப்பூர் அரசமைப்பின் 15ஆம் பிரிவும் மலேசியாவின் 11ஆம் பிரிவும் புரொஃபெஸ், பிராக்டிஸ் என்ற இரண்டு வினைகளையும் அடுத்தடுத்து வைக்கின்றன. இந்திய அரசமைப்பின் 25ஆம் பிரிவிலும் அப்படியே. சொல்வது ஒன்று, சொன்னபடி நடப்பது இன்னொன்று என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் அலுவலகத்திலும் இதே கணக்குதான். “பார்க்க நேரமில்லை, கையெழுத்து மட்டும் போட்டுடுங்க” என்று மேலாளர் ஒரு கணக்கறிக்கையை நீட்டுகிறார். வேலை பார்ப்பவர் போட்டுவிடலாம். புரொஃபெஷன் உள்ளவருக்கு, என்றோ நாலு பேர் முன்னால் சொன்ன சொல் வந்து கையைப் பிடிக்கும். அந்தப் பிடியை உதறினால், அவர் அட்டையில் உள்ள பட்டம் இரண்டாவது பொருளுக்கு இடம் மாறிவிடும்.

ஒலிவாங்கி முன்னால் பேசிப் பிழைக்கும் எனக்கு இந்தச் சொல் கொஞ்சம் பயம் தருகிறது. பேசுவது எளிது, பேசியதைக் கேட்டவர்கள் இருக்கிறார்களே!

இந்த வாரம் ஒரு சின்ன வேலை. உங்கள் பெயர் அட்டையின் பின்பக்கத்தில், உங்கள் தொழில் யாருக்கு என்ன வாக்குக் கொடுக்கிறது என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். பதவி உயர்ந்தாலும் கம்பெனி மாறினாலும் அந்த வரி மாறக் கூடாது.