கேட்கும் சபையா, பாடும் சபையா?



சில மாதங்களுக்கு முன் நமது சங்க உறுப்பினர் ஒருவரின் தாயார் சிவபதமடைந்தார். தகனச்சாலையில் நமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் 40 நிமிடம். திருப்பொற்சுண்ணம் பாடவேண்டிய கட்டம் வந்தபோது கைத்தொலைபேசி ஒன்றை ஒலிவாங்கியின் அருகே வைத்தார்கள். ஓதுவார் ஒருவரின் கணீரென்ற குரல் மண்டபத்தை நிறைத்தது. இரண்டாவது பாட்டு முடிந்ததும் அந்தக் குரல் நின்று, மோட்டார் வாகனக் காப்புறுதி விளம்பரம் ஒன்று முழங்கியது. பிள்ளைகள் ஓடிப்போய் அதை நிறுத்தினார்கள்.

அதன்பின் வந்த மௌனத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அறுபது எழுபது பேர் நின்றோம். அத்தனை பேரும் சைவர்கள். அத்தனை பேரும் அந்தப் பாட்டை எத்தனையோ செத்தவீட்டில் கேட்டவர்கள். ஆனால் அடுத்த அடி எவர் வாயிலும் வரவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கடைசியில், பின்வரிசையில் இருந்த முதிய அம்மையார் ஒருவர், எழுந்து நிற்க முடியாமல் இருந்தபடியே, நடுங்கும் குரலில் தொடங்கினார். நாங்கள் ஒவ்வோர் அடியின் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போனோம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நமது கோயிலில் வெள்ளிக்கிழமை மாலை நடைபெறும் கூட்டு வழிபாட்டில், பாடலுக்கு உள்ள 45 நிமிடத்தை 10 நிமிடமாகக் குறைத்து, மிகுதி நேரத்தில் புதிய ஒலிபெருக்கியில் பதிவுசெய்த திருமுறைகளை ஒலிபரப்பலாம் என்ற யோசனை அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வரவிருக்கிறது. பதிவு சுருதி பிசகாது, நேரம் தவறாது, தொலைவிலிருந்து வருவோர் வேளைக்கு வீடு திரும்பலாம் என்பன அதற்குக் கூறப்படும் நியாயங்கள். யோசனையை முன்வைத்தவர்கள் கோயிலுக்காக இராப்பகலாக உழைப்பவர்கள். அவர்களிடம் எனக்கு மனக்குறை எதுவுமில்லை. எனினும் இந்த யோசனை நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும் என்பது என் பணிவான கருத்து.

பாட்டே பூசை

நமது சமயத்தில் பாட்டு பூசைக்கு அலங்காரமாக வந்ததன்று, பாட்டே பூசை. சுந்தரமூர்த்தி நாயனாரை ஆட்கொண்ட இறைவன், தமக்கு உகந்த வழிபாடு பாடலே என்று உணர்த்தியதாகச் சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். திருஞானசம்பந்தர் திருக்கோலக்காவில் தம் பிஞ்சுக் கைகளால் தாளமிட்டுப் பாடியதைக் கண்டு இறைவன் பொற்றாளம் அளித்தார் என்பதை நம் பாலர் வகுப்புப் பிள்ளைகளும் அறிவர். முதலில் இருந்தவை கைகள். தாளம் பின்னால் வந்தது. நீற்றறையில் ஏழு நாள் அடைக்கப்பட்ட அப்பர் சுவாமிகள் இறைவன் திருவடி நிழலுக்கு உவமை தேடியபோது, நிலவையும் தென்றலையும் இளவேனிலையும் பொய்கையையும் எண்ணுவதற்கு முன்னமே எடுத்துக்கொண்டது வீணையின் நாதத்தை. எரியும் சூளைக்குள் இருந்தவருக்கு இசை பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது.

தஞ்சையில் 1010ஆம் ஆண்டளவில் பெரிய கோயிலை எழுப்பி முடித்த இராசராச சோழன் அங்கே திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், உடன் வாசிக்க உடுக்கைக்கு ஒருவரையும் கொட்டிமத்தளத்துக்கு ஒருவரையும் நியமித்தான் எனக் கல்வெட்டுக் கூறுகிறது. தனிக்குரலின் இனிமையே போதும் என்று அவன் எண்ணியிருந்தால் ஒரு நல்ல பாடகரோடு நிறுத்தியிருப்பான். அவன் வேண்டியது 48 குரல்கள் ஒன்றாகி எழும் நாதத்தை.

பண் மனத்தை என்ன செய்கிறது?

தியானம் என்றால் கண்ணை மூடி அசையாதிருப்பது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு முயன்ற எவருக்கும் தெரியும், கண் மூடியதும் மனம் அடுப்பில் வைத்த பாலுக்கும் வங்கிக் கடிதத்துக்கும் ஓடுகிறது. மனத்துக்கு நடக்க ஓர் இடம் வேண்டும். ஆனால் அந்த இடத்துக்கு வேலியும் வேண்டும். பண் அந்த வேலி.

தேவாரத்தில் இருபதுக்கு மேற்பட்ட பண்கள் பயில்கின்றன. இன்றைய ஓதுவார் வழக்கில் காந்தாரபஞ்சமம் கேதாரகௌளையாகவும், கொல்லி நவரோசாகவும், தக்கேசி காம்போதியாகவும், புறநீர்மை பூபாளமாகவும் பாடப்படுகின்றன. திருவாசகத்தைப் பெரும்பாலும் மோகனத்தில் பாடுகிறோம். மோகனத்துக்கு ஐந்தே சுரங்கள். பாடுபவர் அந்த ஐந்துக்குள்ளேயே ஏறி இறங்க வேண்டும். எங்கே போனாலும் ஆதார சுருதிக்கே திரும்பி வரவேண்டும். இப்படி ஒரு நாழிகை போய்வந்த மனம், தான் அலையும் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடுகிறது. அடி நீளமானதால் மூச்சும் நீள்கிறது. பத்துப் பேர் சேர்ந்து பாடினால் பத்து மூச்சும் ஒரே இடத்தில் நிற்கிறது. ஒரே இடத்தில் எழுகிறது.

இதற்கு விஞ்ஞானச் சான்று கேட்கும் இளைஞர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 2001இல் இத்தாலியின் பாவியா நகர ஆய்வாளர்கள் 23 பேரை ஆராய்ந்து பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். கத்தோலிக்கரின் செபமாலைச் செபத்தை இலத்தீனில் ஓதும்போதும், யோக மந்திரம் ஒன்றை உச்சரிக்கும்போதும், மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்து, இதயத் துடிப்பின் ஒழுங்கும் அதனோடு இசைந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. இரத்த அழுத்தம் குறையவேண்டும் என்று நாம் பாடவில்லை. ஆனால் நம் முன்னோர் மூச்சை அளந்தே அடிகளை அமைத்தார்களோ என்று வியக்க இடமுண்டு. கவனிக்க வேண்டியது இதுதான்: ஆய்வில் மூச்சு இறங்கியது ஓதியவர்களுக்கு. ஒலிபெருக்கிக்கு மூச்சில்லை. அது எத்தனை அழகாகப் பாடினாலும் நமது மூச்சு நமது வழியில்தான் போய்க்கொண்டிருக்கும்.

நம்மிடமும் பிழை உண்டு

ஒலிபரப்பு யோசனை வானத்திலிருந்து விழவில்லை. நமது வெள்ளிக்கிழமைப் பாடல் சலிப்பாகிவிட்டதால்தான் அது வந்தது. இதை மறைப்பதில் பயனில்லை. ஒருவர் உயர்ந்த சுருதியில் தொடங்குகிறார். பெண்கள் எட்டிப் பிடிக்கிறார்கள், ஆண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அடுத்தவர் வேறு சுருதி. இன்னொருவர் தாம் சங்கீதம் பயின்றதைக் காட்ட ஆலாபனையை நீட்டுகிறார். எட்டுப் பாட்டுக்கு எட்டு இராகம். ஒன்றிலும் மனம் இருப்புக்கொள்வதில்லை. பாடி முடித்த பிள்ளைக்குக் கைதட்டி, அது வழிபாடா போட்டியா என்று அந்தப் பிள்ளைக்கே ஐயம் வரச் செய்கிறோம்.

பஞ்சபுராணம் ஓதுவது யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நாம் கற்றுவந்த நல்ல மரபு. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு எடுத்துத் தீபாராதனைக்குப் பின் ஓதுகிறோம். பூசைக்கு அது பொருத்தம். ஆனால் அதே முறையைக் கூட்டு வழிபாட்டுக்கும் கொண்டுவந்து துண்டு துண்டாகப் பாடியதால், ஒரு பதிகத்தை முழுமையாகப் பாடும் அனுபவம் நம்மை விட்டுப் போய்விட்டது. பத்துப் பாட்டு, பதினொரு பாட்டு, எல்லாம் ஒரே பண், ஒரே நடை. கச்சேரி கேட்பவருக்கு நாலாவது பாட்டில் அலுப்பு வரும். பாடுபவருக்கோ நாலாவது பாட்டில்தான் மெட்டு நாவில் படிகிறது. ஏழாவதில் தான் பாடுகிறேன் என்ற நினைவு குறைகிறது. சம்பந்தர் பதிகங்கள் பெரும்பாலானவற்றில் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதில் அயனும் மாலும் தேடுவார்கள், கடைசியில் திருக்கடைக்காப்பு. பாதை தெரிந்த பயணம் அது. பாதியில் இறங்கிவிட்டு ஊர் வரவில்லை என்று குறைசொல்வது முறையன்று.

சில ஐயங்களும் விடைகளும்

எனக்குக் குரல் இல்லை என்பார் பலர். பண்ணோடு தாளத்தில் பாடுவது பண்ணாங்கம். தாளமின்றி நிறுத்திப் பாடுவது சுத்தாங்கம். தாளம் தெரியாதவர் சுத்தாங்கமாகப் பாடலாம். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். தகனச்சாலையில் எங்களைக் கரைசேர்த்தது நடுங்கிய குரல்தான்.

பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்காது என்பது இரண்டாவது தடை. இது மெய்யான கவலை. இந்த நாட்டில் பிறந்தவர்களை நாம் இழந்துவிடக் கூடாது. ஆனால் ஒலிபெருக்கித் தமிழ் மட்டும் அவர்களுக்கு விளங்கிவிடுமா? மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியில் பாடுகிறோம். தாலாட்டுக்குரிய இராகம் அது. பொருள் தெரியுமுன்னமே அது குழந்தையைத் தொடுகிறது. மெட்டு முதலில் குடியேறட்டும். பொருளை அது பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளும்.

நேரம் போதாது என்பது மூன்றாவது. 45 நிமிடம் அதிகமானால் 25 ஆக்கலாம். குறைப்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த நேரத்தைக் கருவியிடம் ஒப்படைப்பதில்தான் மறுப்பு. பதிவுகளை வீட்டிலும் காரிலும் கேட்போம். தருமபுரம் சுவாமிநாதன் போன்ற பெரியோர் பாடிவைத்த பதிவுகள் நமக்கு ஆசான்கள். ஆசானிடம் கற்பது பாடுவதற்காக; அவரையே என்றும் பாடவிட்டு நாம் சும்மா இருப்பதற்காகவன்று.

என் வேண்டுகோள்

பொதுக்கூட்டத்தின் முன் நான் வைக்க விரும்புவன இவை. மாதத்துக்கு ஒரு பதிகம், ஒரு பண். நாலு வெள்ளிக்கிழமையும் அதுவே. மாலை வேளையாதலால் இரவுப் பண்ணாகத் தேர்ந்தால் இன்னும் சிறப்பு. சுருதிப்பெட்டி ஒன்று, எல்லோருக்கும் எட்டும் தாழ்ந்த சுருதியில். முன்னே ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, சபை முழுவதும் திருப்பிப் பாட வேண்டும்; ஒலிவாங்கி வேண்டியதில்லை. பாட்டைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் அச்சிட்டுப் பொருளோடு கையில் கொடுக்கலாம். முடிந்ததும் கைதட்டாமல் இரண்டு நிமிடம் மௌனமாக இருப்போம். சுருதி அடங்கிய பின்னும் காதுக்குள் ஒலிப்பதைக் கேட்பதற்கே அந்த இரண்டு நிமிடம். ஓராண்டில் பன்னிரண்டு பதிகங்கள் நம்முடையவை ஆகிவிடும்.

அந்த அம்மையாரிடம் இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று பின்னர் கேட்டேன். தாம் ஒருபோதும் கற்கவில்லை என்றும், சிறுவயதில் ஊர்க் கோயிலில் ஆச்சியின் அருகே இருந்து கூடச் சேர்ந்து பாடியதுதான் என்றும் சொன்னார். நமது பிள்ளைகள் யாருக்கு அருகே இருக்கிறார்கள், அவர்கள் காதில் விழுவது எவருடைய குரல் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். நாளை நமக்கும் அந்தத் தகனச்சாலையில் 40 நிமிடம் ஒதுக்கப்படும். அப்போது நின்று பாட நாலு பேராவது இருக்க வேண்டாமா?

வரும் வெள்ளிக்கிழமை வாருங்கள். வாயைத் திறந்து பாடுங்கள். எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவாராக.

இன்ப அன்பு சூழ்க.

- உங்களில் ஓர் அடியவன்