எந்தத் தெருப் பிள்ளை படகு ஓட்டலாம்?

போன மார்கழியில் எங்கள் பக்கத்து ஏரி கோடி போனது. பொதட்டூர்பேட்டை தறிக்காரர்களின் ஊர். விடிந்தால் அடைந்தால் பவர்லூம் சத்தம்தான். மழை முடிந்து ஏரி நிறைந்து கிடக்கும் இரண்டு மூன்று மாதங்கள்தான் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தத்திலிருந்து விடுதலை. என் அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் காலி தண்ணீர்க் கேன்களையும் உடைந்த தெர்மாகோல் பெட்டி ஒன்றையும் கயிற்றால் கட்டித் தெப்பம் செய்தார்கள். நடுவில் மூங்கில் கழி நட்டு, விற்பனைக்கு ஆகாது என்று ஒதுக்கிய லுங்கித் துணியைப் பாயாகக் கட்டினார்கள். வாடைக் காற்றில் அது நகர்ந்திருக்கிறது. யாரும் தள்ளாமல், துடுப்புப் போடாமல் பாதி ஏரி வரை போயிருக்கிறது.

கரையில் நின்ற ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். மீன் குத்தகை எடுத்தவரின் ஆள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். கரைக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “எந்தத் தெருடா நீங்க?” “காலனிண்ணா” என்றிருக்கிறான் ஒருவன். அவ்வளவுதான். கயிறு அறுந்தது, கேன்கள் ஒவ்வொன்றாக ஏரியில் மிதந்தன. அதற்கு முந்தைய நாள் ஊர்த்தெருப் பையன்கள் லாரி டியூப் போட்டு அதே ஏரியில் நாளெல்லாம் ஆடியிருக்கிறார்கள். அவர்களை யாரும் தெரு கேட்கவில்லை.

அன்று ராத்திரி நான் அவனை நன்றாகத் திட்டினேன். நீச்சல் சரியாகத் தெரியாமல், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் நடு ஏரிக்குப் போகலாமா என்று. அவன் பதில் சொல்லவில்லை. செல்போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினான். 2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில் பாய்மரப் படகுப் பிரிவில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர்.

“மாமா, இந்த அக்கா விவசாயி வீட்டுப் பொண்ணாம். கடல்ல இல்ல, ஏரியிலதான் கத்துக்கிச்சாம். அங்க எந்தத் தெருன்னு கேக்கமாட்டாங்களா?”

இந்தக் கட்டுரை அவனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில்.

அங்கேயும் கேட்பார்கள். சாதி இல்லாத ஊர் இந்தியாவில் எங்கே இருக்கிறது? ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. போபாலில் படகு அரசாங்கத்துடையது. நேஹா மத்தியப் பிரதேசம் தேவாஸ் மாவட்டத்துக் கிராமத்துப் பெண். போபாலில் இருக்கும் தேசியப் பாய்மரப் படகுப் பள்ளியில் பயிற்சி பெற்றவர். அந்தப் பயிற்சி நடக்கும் போபால் பெரிய ஏரி, 11ஆம் நூற்றாண்டில் போஜ ராஜா கட்டியதாகச் சொல்லப்படுவது. நம் ஏரிகளைப் போலவே மனிதர்கள் கரை போட்டுத் தேக்கிய தண்ணீர். அந்த நகரத்துக்குக் குடிநீரும் அங்கிருந்துதான் போகிறது. கடலே இல்லாத ஒரு மாநிலம், ஒரு ஏரியையும் சில படகுகளையும் வைத்து, 17 வயது விவசாயி மகளை ஆசிய மேடையில் ஏற்றியிருக்கிறது. 2023 செப்டம்பர் 26 அன்று அவர் வாங்கிய வெள்ளியை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை வைத்திருக்கும் நம் மாநிலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் இந்த விளையாட்டின் முகவரி நெடுங்காலமாகச் சென்னைத் துறைமுகம்தான். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கியது. பெயரில் இருக்கும் ‘ராயல்’ இன்னும் உதிரவில்லை. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் துறைமுகத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து நல்ல வீரர்கள் வந்திருக்கிறார்கள். நேத்ரா குமணன் அந்தச் சங்கத்தின் கோடை முகாமில் தொடங்கி, 2020 ஜனவரியில் மியாமியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்று, 2021இல் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மரப் படகு வீராங்கனை ஆனார். கணபதியும் வருண் தக்கரும் அதே டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே படகில் போட்டியிட்டார்கள். அவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. குளிர்காலத்தில் ஐரோப்பிய வீரர்கள் கூடும் கேனரித் தீவுகள் வரை போய்ப் பயிற்சி எடுத்துத்தான் நேத்ரா அந்த இடத்துக்கு வந்தார். ஆனால் அப்படிப் போக எத்தனை வீட்டுப் பிள்ளைகளால் முடியும் என்று கேட்பதும் நம் வேலைதான்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, ராணுவம். டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்காகப் படகு ஓட்டிய விஷ்ணு சரவணன் தமிழ்நாட்டுக்காரர், ராணுவ வீரர். அப்பாவும் ராணுவத்தில் படகு ஓட்டியவர். ஆக கிளப், ராணுவம், அரசுப் பள்ளி என மூன்று கதவுகள். முதல் கதவுக்குப் பணம் வேண்டும், பழக்கம் வேண்டும், கிளப்புக்குள் பேசும் ஆங்கிலம் வேண்டும். இரண்டாவது கதவு மிகச் சிலருக்கே திறக்கும். மூன்றாவது கதவு நம்மிடம் இன்னும் சரியாகக் கட்டப்படவே இல்லை.

“இது பணக்கார விளையாட்டு தோழர், நமக்கு எதுக்கு?” என்று சில தோழர்களே கேட்கிறார்கள். பிள்ளைகள் ஓட்டும் சின்னப் படகின் கதையை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க 15 வயது வரையுள்ளவர்கள் கற்றுக்கொள்ளும் படகின் பெயர் ஆப்டிமிஸ்ட். 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்ற படகுத் தச்சர் வடிவமைத்தது. இரண்டு பிளைவுட் பலகையில், ஐம்பது டாலருக்குள், ஒரு அப்பாவும் பிள்ளையும் கொட்டகையில் வைத்தே செய்துவிட வேண்டும் என்பதுதான் அன்றைய திட்டம். ஏழே முக்கால் அடி நீளம், 35 கிலோ எடை, ஒரே ஒரு பாய். இரண்டு பேர் தூக்கினால் கரைக்கு வந்துவிடும். பெட்ரோல் வேண்டாம், காற்று இலவசம். எளிமையாகப் பிறந்த ஒரு பொருள் நம்மிடம் வரும்போது மட்டும் எப்படிச் சீமான் வீட்டுச் சொத்தாகிறது? தண்ணீருக்கு வேலியும் கேட்டும் போட்டு, உள்ளே போக உறுப்பினர் அட்டை கேட்பதால்தான்.

ஒரு பயிற்சிக் குழு குளிர்காலத்தில் என்ன செய்கிறது என்று படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டேன். முதல் பாடமே கவிழ்வது. பிள்ளைகளை வேண்டுமென்றே படகைக் கவிழ்க்கச் சொல்வார்கள். லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் விழ வேண்டும். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைப் பிடித்து உடல் எடையைக் கொடுத்தால் படகு நிமிரும். பிறகு மேலே ஏற வேண்டும். பயம் போகும் வரை இதுதான். அடுத்தது காற்றைப் படிப்பது. தண்ணீர் மேல் கருத்து வரும் சிற்றலையைப் பார்த்து, காற்று எங்கிருந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்க வேண்டும். காற்று வரும் திசை நோக்கிப் பாய்மரம் நேராகப் போகாது. இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று சாய்ந்து சாய்ந்துதான் ஏற வேண்டும். எப்போது திரும்புவது என்ற முடிவில்தான் பந்தயம் இருக்கிறது. மதிப்பெண் முறையும் புதுமாதிரி. முதலாவது வந்தவருக்கு ஒரு புள்ளி, இரண்டாவது வந்தவருக்கு இரண்டு. பல பந்தயம் ஓடி, மிக மோசமான ஒன்றைக் கழித்துவிட்டு, குறைந்த புள்ளி எடுத்தவர் வெற்றி. நேஹா அப்படி எடுத்தது 27.

இந்த ‘கவிழ்ந்து எழும்’ பாடத்தைப் படித்தபோது எனக்கு என் வகுப்புத் தோழன் நினைவு வந்தது. நாங்கள் ஏழாவது படித்த காலம். ஊர்க் கிணற்றில் எங்களை இறங்க விடமாட்டார்கள். ஏரிப் படித்துறையிலும் திட்டு விழும். அதனால் நாங்கள் போனது கைவிடப்பட்ட ஒரு கல் குவாரிக்கு. மழைத்தண்ணீர் தேங்கி அழகாகத்தான் இருந்தது. ஆழம் யாருக்கும் தெரியாது. அவன் குதித்தான், வரவில்லை. “நீச்சல் தெரியாத பையன் ஏன் போனான்?” என்று எல்லோரும் கேட்டார்கள். எங்களுக்கு எங்கே போய் நீச்சல் கற்றுக்கொள்ள இடம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் குட்டையில், குவாரியில் மூழ்கிய பிள்ளைகளின் செய்தியை நாளிதழில் பார்க்கும்போது, அந்தப் பிள்ளை எந்தத் தெரு என்று நான் தேடுகிறேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

இத்தனைக்கும் ஏரித் தண்ணீரை எங்களைவிட அறிந்தவர்கள் யார்? என் தாத்தா நீர்க்கட்டி. வடமாவட்டங்களில் மதகைத் திறந்து மூடி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் அந்த வேலையைப் பெரும்பாலும் சேரி மக்களே செய்தார்கள். வெள்ளக் காலத்தில் மூச்சடக்கி மூழ்கி மதகுக்கட்டையைப் பிடுங்கியது அவர்கள்தான். ஏரி உடையும் என்றால் ராத்திரியில் ஆள் அனுப்பித் தாத்தாவை எழுப்புவார்களாம். விடிந்த பிறகு அதே ஏரியின் படித்துறையில் அவர் குளிக்கக் கூடாது. மூழ்குவதற்கு எங்கள் உடம்பு வேண்டும், குளிப்பதற்கு ஆகாது!

பொது வழி, கிணறு, குளம் எல்லோருக்கும் பொது என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். அம்பேத்கர் மகாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளியது 1927 மார்ச் 20இல். நூறு வருடம் ஆகப்போகிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்ததையும் பார்த்தோம். “குடிக்கிற தண்ணிக்கே போராட்டம், இதுல படகா?” என்று கேட்பவர்களுக்கு அம்பேத்கரே பதில் சொல்லியிருக்கிறார். அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்தால்தான் உயிர் வாழ முடியும் என்பதற்காக நாங்கள் வரவில்லை, நாங்களும் மற்றவர்களைப் போல மனிதர்கள் என்று நிலைநாட்ட வந்தோம் என்ற பொருளில் அவர் மகாத்தில் பேசினார். குடிக்கும் உரிமையோடு நின்றுவிட்டால் அது பாதி உரிமைதான். விளையாடுவதும் மிதப்பதும் வெறுமனே ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதும் அதில் சேர்த்தி.

திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்குச் சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பம் விடுகிறார்கள். மின்விளக்கு, மேளம், பாதுகாப்புக்குத் தீயணைப்புத் துறை, எல்லாம் உண்டு. சாமி மிதக்க அரசு இயந்திரம் இவ்வளவு வேலை செய்யும் என்றால், பிள்ளைகள் மிதக்கவும் செய்ய முடியும்.

இராமநாதபுரம் பிரப்பன்வலசையில் நீர் விளையாட்டு அகாடமி அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. வரவேற்போம். ஆனால் கட்டடம் எழும்போதே நாம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. அங்கே சேரப்போவது யார்? ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், மற்ற அரசுப் பள்ளிகள், மீனவக் கிராமங்கள் ஆகியவற்றின் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்பதை முன்பே எழுதி வைக்க வேண்டும். ‘திறமை இருந்தால் வரட்டும்’ என்று விட்டால், ஏற்கெனவே கிளப்பில் நான்கு வருடம் ஓட்டிய பிள்ளைதான் திறமையாகத் தெரியும். கிடைக்கும் சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமாகவும் அரசு வேலையாகவும் மாறும். போட்டியாளர்கள் குறைவான ஒரு விளையாட்டு சிலருக்கே திறந்திருந்தால், அதுவும் ஒருவகைச் சொத்துச் சேர்ப்புதான்.

அதோடு, கடற்கரையில் ஒன்று போதாது. ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும். அந்தத் தண்ணீர் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சென்னையின் தாகம் தீர்க்கிறது. பூண்டி மாதிரியான நீர்த்தேக்கங்களிலும் பெரிய ஏரிகளிலும், தண்ணீர் நிறைந்திருக்கும் மார்கழி முதல் மாசி வரை, பத்து ஆப்டிமிஸ்ட் படகுகளோடு ஒரு குளிர்காலப் பயிற்சிக் குழு நடத்தலாம். பாய்மரத்தில் எண்ணெய் இல்லை, புகை இல்லை. குடிநீருக்கும் கேடில்லை, போபாலே சாட்சி. முதல் மாதம் நீச்சல், அடுத்து படகு. பயிற்சி கொடுக்க ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். கட்டுமரம் என்ற சொல்லையே ஆங்கிலத்துக்குக் கொடுத்த கரை இது. இராமநாதபுரம் கடலோரக் கிராமங்களில் மீனவர்கள் இன்றும் பாய்மரப் படகுப் பந்தயம் விடுகிறார்கள். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்குப் பலகை கையில் கிடைத்ததும் மீனவ இளைஞர்கள் நாட்டின் முன்னணி வீரர்களானார்கள். பயிற்சியும் சம்பளமும் கொடுத்தால் அவர்களே நல்ல கோச்சுகள்.

தோழர்களே, உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு இதை ஒரு மனுவாக எழுதுங்கள். கிராமசபையில் ஏரியைப் பற்றிப் பேசும்போது மீன் குத்தகையையும் வண்டல் மண்ணையும் மட்டும் பேசாமல், பிள்ளைகள் இறங்கி விளையாட ஒரு கரையையும் கேளுங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று தயாராகிவிட்டது. படகு எப்படி இருக்க வேண்டும் என்று அக்கா மகன் அதில் படமே வரைந்திருக்கிறான். பாயில் எண் எழுத வேண்டிய இடத்தில் எதுவும் எழுதாமல் விட்டிருந்தான். ஏன்டா என்று கேட்டேன்.

“அது கவர்மெண்ட் குடுக்கிற நம்பர் மாமா. நம்ம தெரு நம்பர் இல்ல.”