என்ன நம்பர் ஓடுது?



ஆடி பிறப்பதற்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தேன். போன வேலை ஒன்று, அகப்பட்ட வேலை இன்னொன்று. சங்கரன்கோவிலில் இருக்கும் என் அத்தைக்கு முழங்கால் வலி. சர்க்கரையும் பிரஷரும் ஏற்கெனவே உண்டு. "நாலரைக்கெல்லாம் டாக்டர்ட்ட போயிருவோம் அத்தை, ஏழு மணிக்குள்ள திரும்பிரலாம்" என்று வாக்குக் கொடுத்தவன் நான்தான். அத்தை அதற்குப் பதில் சொல்லவில்லை. தூக்குச்சட்டியில் நாலு இட்லி எடுத்து வைத்துக்கொண்டாள். அனுபவசாலி.

நாலரைக்குப் போய் நின்றால் எங்களுக்கு விழுந்த டோக்கன் 47. மத்தியானம் இரண்டு மணிக்கே வாசலில் நோட்டு வைத்துப் பெயர் எழுதத் தொடங்கிவிட்டார்களாம். படிக்கட்டில் வரிசையாகச் செருப்பு, கட்டைப்பை, தண்ணீர் பாட்டில், ஒரு செங்கல். ஒவ்வொன்றும் ஒரு நோயாளி. உடையவர்கள் டீக்கடையிலோ பூ மார்க்கெட்டிலோ இருப்பார்கள். செங்கல்லுக்கு உடையவர் மட்டும் கடைசிவரை யாரென்று தெரியவில்லை.

கம்பவுண்டரிடம் அத்தை கேட்டாள்: "தம்பி, டாக்டர் எப்ப வருவாவ?"

"வந்துருவாவ ஆச்சி."

"எத்தன மணிக்கு?"

"வந்துருவாவ, நீங்க உக்காருங்க."

உட்கார இடம் இருந்தால் உட்கார மாட்டோமா?

டாக்டர் ஆறு மணி பத்து நிமிடத்துக்கு வந்தார். எங்கள் முறை வந்தபோது மணி ஒன்பதே கால் தாண்டிவிட்டது. உள்ளே இருந்தது நான்கு நிமிடம். அதில் ஒரு நிமிடம் அத்தை பழைய சீட்டைத் தேடிப் பையைத் துழாவியதில் போயிற்று. டாக்டர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் மேசையில் இருந்த டீ ஆடை கட்டிப்போய்க் கிடந்தது. காலையில் ஒரு ஆஸ்பத்திரி, மதியம் இன்னோர் இடம், இரவு பத்து வரை இங்கே. எங்களைவிட அவர்தான் களைத்திருந்தார். ஆனாலும் அத்தையின் முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தார்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு காட்சி. எங்களுக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண், மடியில் காய்ச்சலில் கிடக்கும் மூன்று வயதுப் பிள்ளை. திருவேங்கடம் பக்கம் ஒரு சிற்றூர். டோக்கன் 39. ஏழு மணியிலிருந்தே வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என்ன நம்பர் ஓடுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டரைக்கு 35 உள்ளே போனது. அவளுடைய கடைசி பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரைப் பார்க்காமலே போய்விட்டாள். போகும்போது டோக்கன் அட்டையைக் கம்பவுண்டர் மேசையில் ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் போனாள். எங்களால், "காலையில ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்று சொல்லத்தான் முடிந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஆறு பத்துக்கு முதல் ஆள். ஆளுக்குச் சராசரி நான்கு நிமிடம். 39-ஆம் ஆளுக்கு முன்னால் 38 பேர், 152 நிமிடம். அதாவது எட்டே முக்காலை ஒட்டி. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்த அந்த நிமிடமே இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம். "ஏம்மா, உனக்கு எட்டே முக்கால் ஆயிரும், பஸ் இருக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி. இல்லை என்று அவள் சொல்லியிருந்தால், முன்னால் இருந்த யாராவது ஒருவர் நம்பரை மாற்றிக்கொடுத்திருப்பார். எங்கள் ஊர் ஆட்கள் அதற்குத் தயங்குகிறவர்கள் இல்லை. கேட்கத்தான் ஆளில்லை.

இப்படிக் காத்துக்கிடப்பது ஏதோ நம் ஊருக்கு மட்டும் விதித்தது என்று நினைத்திருந்தேன். ஆனால் 1952-இலேயே இங்கிலாந்தில் இதற்கு ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நார்மன் பெய்லி என்ற புள்ளியியலாளர் வெல்ச் என்பவருடன் சேர்ந்து, ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளர் பிரிவில் மக்கள் ஏன் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்து 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். அவர்கள் சொன்ன வழி எளியது. தொடங்கும் நேரத்துக்கு இரண்டு பேரை மட்டும் வரச் சொல்லுங்கள். அதன்பின், ஓர் ஆளைப் பார்க்கச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறதோ அந்த இடைவெளியில் ஒவ்வொருவராக வரச் சொல்லுங்கள். முக்கியமாக, டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட வேண்டும். டாக்டரின் ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது என்று எல்லாரையும் ஒரே நேரத்தில் வரவழைத்துக் குவித்து வைப்பதுதான் அன்றைய வழக்கம். நம்முடைய இன்றைய வழக்கமும் அதுவே.

டேவிட் மெய்ஸ்டர் என்பவர் 1985-இல் காத்திருப்பவர்களின் மனநிலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும்; காரணம் சொல்லப்படாத தாமதம், சொல்லப்பட்டதைவிட நீளும்; தனியாகக் காத்திருப்பது, கூட்டமாகக் காத்திருப்பதைவிட நீளும் என்கிறார். அத்தை இதைப் படித்ததில்லை. "மணியச் சொல்லிட்டா மனசு அடங்கிரும்" என்று அவள் சொன்னதும் இதே விஷயம்தான்.

உள்ளே கிடைக்கிற நேரம் குறைவு என்பதும் உலகறிந்த சங்கதி. 67 நாடுகளில் டாக்டர்கள் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரத்தைத் தொகுத்து 2017-இல் 'பி.எம்.ஜே. ஓப்பன்' இதழ் வெளியிட்டது. ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவுக்கு ஏறத்தாழ 2 நிமிடம். நாங்கள் நான்கு நிமிடம் வாங்கினோம் என்றால் அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

கூட்டம் அதிகம், என்ன செய்ய முடியும் என்று சொல்லிவிடவும் முடியாது. கூட்டத்தை வைத்தே மாற்றிக் காட்டியவர் நம் கரிசல் சீமைக்காரர். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்தக் கையாலேயே லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர். 1988-இல் திருநெல்வேலியிலும் அரவிந்த் வந்தது. அங்கே போய்வந்தவர்களுக்குத் தெரியும்: கூட்டம் திருவிழாதான், ஆனால் ஓரிடத்திலேயே முளைத்துப்போய் உட்காருவதில்லை. பெயர் பதிகிற இடம், பார்வை பார்க்கிற இடம், கண் அழுத்தம் பார்க்கிற இடம், சொட்டு மருந்து விடுகிற இடம் என்று நகர்ந்துகொண்டே இருப்போம். கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து, டாக்டர் செய்தே தீரவேண்டிய வேலையைத் தவிர மற்றதையெல்லாம் அவர்களிடம் ஒப்படைத்தார் வெங்கடசாமி. டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது சீட்டில் எல்லாம் எழுதி முடிந்திருக்கும்.

தெருவோரக் கிளினிக்கில் இவ்வளவு முடியாதுதான். ஆனால் காத்திருக்கும் மூன்று மணி நேரத்தில் கம்பவுண்டரோ நர்ஸம்மாவோ எடையையும் பிரஷரையும் குறித்து வைக்கலாம். என்னென்ன மாத்திரை என்று எழுதி வாங்கலாம். ஓடுகிற நம்பரைச் சாக்பீஸால் ஒரு கரும்பலகையில் எழுதலாம். இதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம்.

சங்கரன்கோவிலுக்குக் காத்திருப்பின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரின் பெரிய திருவிழாவே ஒரு காத்திருப்புத்தான். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று நாக அரசர்களான சங்கனும் பதுமனும் மல்லுக்கு நிற்க, இருவரையும் ஒரே உருவில் காண வேண்டும் என்று கோமதி அம்மை ஒற்றைக் காலில் தவம் நின்றாள். சங்கரநாராயணர் காட்சி கொடுத்த அந்த நாள்தான் ஆடித்தபசு. அன்றைக்குப் பருத்தியும் மிளகாய் வற்றலும் நெல்லும் சூறை விடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது மட்டும்தான் தெரியும். எனக்குப் பிடித்தது ஆடிச்சுற்று. கோவிலை 108 சுற்றுச் சுற்றுகிறவர்கள் உண்டு. ஏன் என்று சின்ன வயதில் அத்தையிடம் கேட்டிருக்கிறேன். "அம்மைக்கு ஒத்தக் கால் வலிக்கும்லா? நாம நடந்தா அந்த வலியில கொஞ்சம் நமக்கு வந்துரும்" என்றாள்.

நின்றுகொண்டிருப்பவளின் கால்வலியைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த ஊர் இது. அதே ஊரில், அன்று கிளினிக் வாசலில், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி முக்கால் மணி நேரம் சுவரில் சாய்ந்து நின்றாள். பெஞ்சில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். அத்தைதான் என் தொடையில் ஒரு இடி இடித்து எழுப்பினாள்.

இனி நீங்கள் டாக்டரிடம் போகும்போது நினைவில் வைக்கச் சில விஷயங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் வரிசையில் உட்காரவே கூடாது. படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே கொஞ்சம் சர்க்கரையை வாயில் போட வேண்டும். பையில் ஒரு சிறு பொட்டலம் இருக்கட்டும். அத்தையின் இட்லிக்குக் காரணம் அதுதான். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தால், அன்றைக்கு மாத்திரையை எப்போது போடுவது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷர் பார்க்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். படியேறி மூச்சிரைக்க வந்ததும் பார்த்தால் கணக்குத் தப்பும். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை ஒரே கவரில் போட்டு, சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். எழுந்து கதவு வரை போய்த் திரும்பி, "அப்புறம் டாக்டர், நெஞ்சில ஒரு மாதிரி..." என்பது நம் ஆட்களின் வழக்கம்.

அந்த நெஞ்சு வலிக்கு டோக்கன் கிடையாது. நெஞ்சை அழுத்தும் வலி, வியர்த்துக்கொட்டுவது, மூச்சுத் திணறல், வாய் கோணுவது, ஒரு பக்கக் கைகால் சோர்வது, பிள்ளைக்கு வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். சத்தம் போட்டுச் சொல்லுங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். சங்கோஜப்பட்டு வரிசையில் உட்கார்ந்திருந்து உயிரைவிட்டவர் கதையை எல்லா ஊரிலும் ஒன்று கேட்கலாம்.

பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாதாமாதம் அதே மாத்திரையை வாங்கத்தான் வரிசை என்றால், அந்த வரிசையே தேவையில்லாமல் போகலாம். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவற்றை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். அத்தை பெயரை மறுநாளே கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசியாக ஒரு சொந்த விஷயம். அந்தக் கிளினிக் ஜன்னல் திட்டில் பத்திரிகைகள் கிடந்தன. அதில் ஒன்று நம் இதழ்! அட்டை போய், முனைகள் சுருண்டு, மூன்று வருடத்துக்கு முந்தைய தீபாவளி இதழ். எத்தனையோ கைகள் புரட்டிய பழுப்பு அதில் இருந்தது. குறுக்கெழுத்தை நாலைந்து பேர் வேறு வேறு மையில் பாதி நிரப்பியிருந்தார்கள். ஒரு பதிலைப் பச்சை மையில் ஒருவர் அடித்துத் திருத்தியிருந்தார், திருத்தியது தப்பு. மீதியை நானும் அத்தையும் முடிப்பதற்குள் 41 ஓடிக்கொண்டிருந்தது. பத்திரிகை நடத்தியதற்கு ஒரு பயன் உண்டு என்று அன்றைக்குத் தோன்றியது.

ஆகவே, இந்த இதழைப் படித்து முடித்ததும் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கையோடு கொண்டுபோய் அந்தப் பெஞ்சில் வைத்துவிட்டு வாருங்கள். குறுக்கெழுத்தை மட்டும் நிரப்பாமல் விட்டுவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்