தோல்வி காட்டிய குறையும் நாம் கண்ட குறையும்

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி, இலண்டன் வெம்பிளி அரங்கில் ஏறத்தாழ 96,000 பேர் பார்த்திருக்க, அந்தோணி ஜோஷுவா ஐந்தாம் சுற்றில் டேனியல் டுபோய்ஸின் வலக்கைக் குத்தினால் வீழ்ந்து எழ மாட்டாமற் போனார் என்ற செய்தி, நம் நாட்டில் ஞாயிற்றுக்கிழமை பொழுது புலரும் வேளையில் வந்து சேர்ந்தது. அன்று காலை சுங்கை சிப்புட் கடைத்தெருவில் தேநீர் அருந்தியவர்கள் பலர் ஏகமனதாகச் சொன்ன அபிப்பிராயம், “இவன் கதை அஞ்சு வருஷத்துக்கு முன்னயே தெரிஞ்சு போச்சே” என்பதுதான். 2019-இல் ஆண்டி ரூயிஸிடம் அவர் அடைந்த அபஜயமே அவருடைய நிரந்தரமான குறையை உலகுக்கு வெளிப்படுத்திவிட்டது என்பது அதன் தாத்பரியம். இந்த அபிப்பிராயத்தில் உண்மை உண்டு என்றே நான் கருதுகிறேன். ஆனால் அன்று உலகம் சுட்டிக்காட்டிய குறை ஒன்று, அந்தத் தோல்வி மெய்யாகவே காட்டிய குறை வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாமற் போனதால்தான் ஒரு நல்ல வீரனைப் பற்றி ஐந்தாண்டுக் காலம் தவறான விசாரணையே நடந்து வந்தது.

குத்துச்சண்டை நமக்கு அந்நிய விவகாரம் அன்று. 1975-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகம்மது அலி, ஜோ பக்னரோடு பதினைந்து சுற்றுகள் பொருதிப் புள்ளிகளின் அடிப்படையில் வென்றதைத் தங்கள் வாழ்வின் விசேஷங்களில் ஒன்றாகச் சொல்லும் முதியவர்கள் பேராக் தோட்டப்புறங்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வழியாகவே இந்த ஆர்வம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்தது. ஆகையால் கடைத்தெருத் தீர்ப்பை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அக்கறையோடு பார்த்தவர்கள் சொன்ன தீர்ப்பு அது. அக்கறையோடு பரிசீலிக்கப்பட வேண்டியதும் ஆகும்.

முதலில் நடந்ததை நினைவுகூர்வோம். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்று, தொழில்முறையில் இறங்கியபின் 22 போட்டிகளிலும் வென்று, அவற்றுள் 21-ஐ எதிராளியை வீழ்த்தியே முடித்திருந்த ஜோஷுவா, 2019 ஜூன் முதல் தேதி நியூயார்க் மேடிசன் சதுக்கத் தோட்டத்தில் முதன்முறையாக அமெரிக்க மண்ணில் களமிறங்கினார். முதலில் ஏற்பாடான எதிராளி ஊக்கமருந்துப் பரிசோதனையில் தவறிவிட்டதால், குறுகிய கால அவகாசத்தில் அழைக்கப்பட்டவர் ரூயிஸ். 268 பவுண்டு எடையும் தளர்ந்த வயிறுமாக நின்ற அவரைப் பார்த்தவர்கள் அவருடைய கைகளின் வேகத்தைக் கவனிக்கத் தவறினார்கள். மூன்றாம் சுற்றில் ஜோஷுவா ஓர் இடக்கைக் குத்தினால் ரூயிஸைத் தரையில் வீழ்த்தினார். ரூயிஸ் எழுந்து நின்றார். ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடும் துடிப்போடு ஜோஷுவா பாய்ந்து சென்று, காவல் கைகளைத் தாழ்த்தி, இரு கைகளாலும் சரமாரியாகக் குத்தத் தொடங்கினார். அந்தக் கைகலப்பின் நடுவே ரூயிஸின் குறுகிய இடக்கை வளைகுத்து ஒன்று காதின் மேற்புறத்தில், நெற்றிப் பொட்டருகே விழுந்தது. ஜோஷுவாவின் கால்கள் அதன்பின் அவர் வசத்தில் இல்லை. அச்சுற்றில் இருமுறையும் ஏழாம் சுற்றில் இருமுறையுமாக நான்கு தடவை வீழ்ந்தார். நடுவர் போட்டியை நிறுத்தினார்.

மறுநாளே தீர்ப்புகள் எழுதப்பட்டன. தாடை கண்ணாடி என்றார்கள் சிலர். நெஞ்சுரம் இல்லை, போராட விருப்பமற்று மூலையில் நின்றுவிட்டான் என்றார்கள் வேறு சிலர். அழகான உடலைக் கட்டிவைத்தார்களேயன்றி வீரனை உருவாக்கவில்லை என்று கூறியவர்களும் உண்டு. இம்மூன்றையும் என்னால் ஏற்க இயலவில்லை. ஹெவிவெயிட் பிரிவில் நெற்றிப் பொட்டில் முழுப் பலத்தோடு விழும் குத்தைத் தாங்கி நிற்கும் தலை யாருக்கும் வாய்த்ததில்லை. நெஞ்சுரம் இல்லாதவன் நான்காம் முறை வீழும்வரை எழுந்துகொண்டிருக்கமாட்டான்.

பொதுவாகவே, ஒரே தோல்வியைக் கொண்டு ஒரு சாம்பியனின் சுபாவத்தை நிர்ணயம் செய்வது ஆபத்தான காரியம். லெனாக்ஸ் லூயிஸ் 2001 ஏப்ரல் 22-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் பிராக்பன் நகரில் ஹசீம் ரஹ்மானிடம் ஐந்தாம் சுற்றில் ஒரே குத்தில் சாய்ந்தார். உயரமான அந்தப் பீடபூமிக்கு ரஹ்மான் முன்னதாகவே வந்து உடலைப் பழக்கிக்கொண்டிருக்க, லூயிஸோ ஹாலிவுட் படமொன்றில் தலைகாட்டிவிட்டுத் தாமதமாக வந்து சேர்ந்தவர். அது ஆயத்தத்தில் நேர்ந்த பிழை. ஏழு மாதங்கள் கழித்து லாஸ் வேகாஸில் அதே ரஹ்மானை நான்காம் சுற்றில் வீழ்த்தியபோது அந்தப் பிழையின் சுவடுகூட இல்லை. நம் நாட்டு நிக்கோல் டேவிட் 2007-இல் மாட்ரிட் உலக ஸ்குவாஷ் போட்டியில் இரண்டாம் சுற்றிலேயே வெளியேறினார். இனி அவ்வளவுதான் என்று அன்று எழுதியிருந்தால், 2008 முதல் 2012 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் அவர் உலகப் பட்டத்தைச் சுமந்ததை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

பால்மரக்காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டியதில்லை. கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சாகப் புடைத்து, பின்னர் வளரும் பட்டையையும் கெடுத்துவிடும். ஒரு மரத்தில் ஒரு காயத்தைக் கண்ட கங்காணி, அன்றைக்கு இருட்டு, மழை ஈரம், கை வழுக்கியிருக்கும் என்று சொல்லி அப்பால் போய்விடுவார். அதே ஆளின் நிரை முழுவதிலும் வெட்டு முடியும் அதே இடத்தில், அதே சாய்வில் காயங்கள் வரிசையாக இருக்கக் கண்டால், அது கையின் பழக்கம் என்று அறிந்து கத்தியைத் தாமே வாங்கி வெட்டிக் காட்டுவார். அவர் பார்த்தது காயம் எவ்வளவு பெரியது என்பதை அல்ல. அது மறுபடியும் எங்கே வருகிறது என்பதைத்தான்.

ஜோஷுவாவின் நிரையை அவ்வாறு பார்த்து வருவோம். 2017 ஏப்ரல் 29-ஆம் தேதி, வெம்பிளியில் விளாடிமிர் கிளிட்ச்கோவோடு நடந்த போட்டி அவருடைய கீர்த்தியின் சிகரம் என்று கொண்டாடப்படுகிறது. ஐந்தாம் சுற்றில் கிளிட்ச்கோவை வீழ்த்திய ஜோஷுவா, முடித்துவிடும் ஆவேசத்தில் தம் மூச்சையெல்லாம் செலவழித்துவிட்டு, அச்சுற்று முடிவதற்குள் தாமே தள்ளாடினார். ஆறாம் சுற்றில் கிளிட்ச்கோவின் வலக்கை அவரைத் தரையில் சாய்த்தது. இளமையும் உறுதியும் காப்பாற்ற, பதினோராம் சுற்றில் வென்றார். வென்றபடியால் யாரும் அந்த ஆறாம் சுற்றைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை. இரண்டாண்டுகளுக்குப்பின் நியூயார்க்கில் நடந்ததும் அதுவேயல்லவா? பின்னர் 2024-இல் டுபோய்ஸ் அவரை முதற்சுற்றிலிருந்தே தரையில் வீழ்த்தி வந்தார் என்பது மெய்தான். ஆயினும் ஐந்தாம் சுற்றின் தொடக்கத்தில் ஜோஷுவாவின் வலக்கை பட்டு டுபோய்ஸ் தடுமாறிய கணம் ஒன்று இருந்தது. ஜோஷுவா மறுகணமே கீழிருந்து மேலெழும் குத்தொன்றை வீசியபடி, தாடை திறந்திருக்க உள்ளே நுழைந்தார். டுபோய்ஸின் வலக்கை குறுகிய வழியில் வந்து அதைச் சந்தித்தது. எதிராளி காயம்பட்ட தருணத்தில் ஜோஷுவா தம்மைக் காத்துக்கொள்ள மறந்துவிடுகிறார். அவருடைய ஆபத்து அவர் தோற்றுக்கொண்டிருக்கும் வேளைகளைவிட, வெற்றி கைக்கெட்டிய வேளையிலேயே அதிகமாக இருந்திருக்கிறது. மூன்று களங்கள், ஏழாண்டுகள், ஒரே இடத்தில் ஒரே சாய்வில் விழுந்த மூன்று காயங்கள். தாடையைப் பற்றிப் பேசியவர்கள் இந்தச் சுபாவத்தைப் பார்க்கவில்லை.

இக்குறை திருத்த இயலாதது என்று நான் சொல்லவில்லை. திருத்திக்கொண்ட ஒருவர் இருக்கிறார், அவரும் ஜோஷுவாவோடு பொருதிய அதே கிளிட்ச்கோதான். 1998-இல் கியேவ் நகரில் ராஸ் பியூரிட்டியிடம் மூச்சு இறைத்துத் தோற்றவர். 2003-இல் கோரி சாண்டர்ஸ் இரண்டாம் சுற்றிலேயே அவரை முடித்தார். 2004 ஏப்ரல் 10-ஆம் தேதி லாஸ் வேகாஸில், நான்காம் சுற்றில் லாமன் பிரூஸ்டரை வீழ்த்திவிட்டு, அவரை முடிக்கத் தம் சக்தி அனைத்தையும் கொட்டி, ஐந்தாம் சுற்றின் இறுதியில் கால் மடிந்து தாமே விழுந்தார். கிளிட்ச்கோ முடிந்தார் என்று உலகம் எழுதியது. ஜோஷுவாவைப் பற்றி 2019-இல் எழுதியதற்கும் அதற்கும் எழுத்து வித்தியாசமில்லை. வயதும் ஏறத்தாழ ஒன்றே, கிளிட்ச்கோவுக்கு 28, ஜோஷுவாவுக்கு 29.

ஆனால் அந்தப் பிரூஸ்டர் போட்டியில்தான் எமானுவல் ஸ்டீவர்ட் முதன்முறையாக அவருடைய மூலையில் நின்றார். 1994-இல் ஆலிவர் மெக்கால் லெனாக்ஸ் லூயிஸை வீழ்த்தியபோது மெக்காலுக்குப் பயிற்சி அளித்தவர் இந்த ஸ்டீவர்ட்; லூயிஸின் குறையை அறிந்து அடித்தவரே பின்னர் லூயிஸிடம் சேர்ந்து அதைத் திருத்தவும் செய்தார் என்பது குத்துச்சண்டைச் சரித்திரத்தில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம். கிளிட்ச்கோ முதல் போட்டியிலேயே தோற்றும் அவரை விலக்கவில்லை; அவரும் கிளிட்ச்கோவைக் கைவிடவில்லை. நீட்டிய இடக்கையால் எதிராளியைத் தூரத்தில் நிறுத்து. அவன் கிட்டே வந்தால் கட்டிப்பிடித்துச் சாய்ந்து மூச்சை மீட்டுக்கொள். அவன் தள்ளாடினாலும் ஓடாதே, அடுத்த குத்துக்கு நேரம் இருக்கிறது: இதுவே பாடம். பார்ப்பவர்களுக்குச் சலிப்பூட்டிய ஆட்டந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 2005-இல் சாமுவேல் பீட்டர் மூன்று முறை வீழ்த்தியும் கலங்காமல் புள்ளிகளில் வென்று, 2006-இல் பட்டத்தை மீட்டு, 2007-இல் பிரூஸ்டரோடு கணக்குத் தீர்த்து, 2015 நவம்பரில் டைசன் ஃபியூரியிடம் தோற்கும்வரை பதினோராண்டுகள் தோல்வி என்பதையே அறியாதிருந்தார். ஸ்டீவர்ட் 2012-இல் காலமாகும் மட்டும் அந்தக் குரு-சிஷ்ய உறவு நீடித்தது.

ஜோஷுவாவுக்கு நேர்ந்தது என்ன? 2019 டிசம்பர் 7-ஆம் தேதி சவூதி அரேபியாவின் திரியாவில் ரூயிஸை மறுபடியும் சந்தித்து, பத்துப் பவுண்டு எடையைக் குறைத்துக்கொண்டு, பன்னிரண்டு சுற்றும் வட்டமிட்டு நகர்ந்து, தூரத்திலிருந்தே குத்திப் புள்ளிகளில் தெளிவாக வென்றார். சாமர்த்தியமான வெற்றிதான், ரூயிஸ் 283 பவுண்டு எடையோடு வந்து உதவியும் செய்தார். எனினும் என் அபிப்பிராயத்தில் அவருக்குக் கேடாக முடிந்தது அந்த வெற்றியே. காயம்பட்ட எதிராளியின்மீது பாயும் சந்தர்ப்பமே எழாதபடி ஆடி வென்றபோது, அச்சந்தர்ப்பத்தில் எப்படி நடந்துகொள்வது என்ற பாடம் படிக்கப்படாமலேயே பரீட்சை தேறியதாயிற்று. பட்டங்கள் திரும்பி வந்ததும் குறை தீர்ந்ததென்று எல்லோரும் நம்பினார்கள். பின்னர் ஒலெக்சாந்தர் உசிக்கிடம் 2021-லும் 2022-லும் தோற்றபோதெல்லாம் பயிற்சியாளர் மாறினார். ஒருவர் கற்பித்தது ஒன்று, அடுத்தவர் கற்பித்தது வேறொன்று. ஒரே கையில் நெடுங்காலம் இருந்தாலன்றிப் பழக்கம் மாறாது என்பது கிளிட்ச்கோவின் கதையிலிருந்து தெரிகிறது.

ஊர்க்காரன் என்ற முறையில் இங்கே வேறொரு தோல்வியையும் நினைக்காதிருக்க முடியவில்லை. 2008 மார்ச் 8-ஆம் தேதி, 1974 முதல் எங்கள் சுங்கை சிப்புட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சாமிவேலு, முன்னிரு தேர்தல்களிலும் தம்மிடம் தோற்ற டாக்டர் மைக்கேல் ஜெயக்குமாரிடம் 1,821 வாக்குகளில் தோற்றார். முந்தைய நவம்பரில் தலைநகரில் இந்தியர் உரிமை கோரி நடந்த ஹிண்ட்ராப் பேரணியின் சினம் இன்னும் ஆறாதிருந்த நேரம் அது. ஒரு நாள் வீசிய அலை, தணிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவருடைய கட்சி அபிமானிகள் சொன்னார்கள். தலைவருக்கு வயதாகிவிட்டது, ஆளை மாற்றினால் போதும் என்று சொன்னவர்களும் உண்டு. ஆளும் மாறினார். 2013-லும் 2018-லும் 2022-லும் தொகுதி அந்தக் கட்சிக்குத் திரும்பவில்லை. வேலையும் வீடும் இழந்து தோட்டத்திலிருந்து நகரத்து ஓரத்துக்கு வந்த குடும்பங்களின் மனத்தில் நெடுநாளாக வளர்ந்த அந்நியம், அன்றைய வாக்குப்பெட்டியில் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது என்பதே என் நம்பிக்கை. அங்கேயும் விவாதம் முழுவதும் ஒரு மனிதரின் வயதைப் பற்றியும் குணத்தைப் பற்றியுமே நடந்தது.

இனி டுபோய்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஏனெனில் அவருக்கு இழைக்கப்பட்ட அநியாயம் ஜோஷுவாவுக்கு இழைக்கப்பட்டதினும் கொடிது. 2020 நவம்பரில் ஜோ ஜாய்ஸுடன் பொருதுகையில், இடக்கண்ணைச் சுற்றிய எலும்பு முறிந்து, பார்வையையே இழக்கும் அபாயத்தில், பத்தாம் சுற்றில் அவர் ஒரு முழங்காலை ஊன்றி எண்ணிக்கை முடியும்வரை எழாமல் இருந்தார். அப்போது அவருக்கு வயது 23. கோழை, பாதியில் விட்டுவிட்டு ஓடுபவன் என்று முன்னாள் வீரர்களே பேசினார்கள். 2023-இல் உசிக்கிடம் தோற்றபோது அதே பட்டத்தை மறுபடியும் சூட்டினார்கள். அந்த இளைஞர்தான் வெம்பிளியில், ஜோஷுவாவின் வலக்கை தம்மை உலுக்கிய அந்த ஐந்தாம் சுற்றில், பின்வாங்காமல் கயிற்றருகே நின்று, வருகிறவரைக் கண்ணால் பார்த்தபடி குத்தினார். அவருடைய நெஞ்சில் குறை கண்டவர்கள் 2020-இல் பார்த்தது ஒரு முறிந்த எலும்பை மட்டுமே.